கல்லாச் சாவியை எப்போது கொடுக்கலாம்?

சொந்தக் கடையை வளர்ப்பதா, பக்கத்திலுள்ள பெரிய கடையோடு சேர்ந்துவிடுவதா? மஸ்ஜித் இந்தியாவின் சிறு வணிகர்கள் முன்னால் நிற்கும் முடிவு

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை காலை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. நடைபாதையின் ஒரு பகுதி சட்டென்று உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்திருந்த 48 வயதுப் பெண் ஒருவர் எட்டு மீட்டர் ஆழத்துக்குள் விழுந்து மறைந்தார். தீயணைப்புப் படையினர் கழிவுநீர்க் குழாய்களுக்குள் இறங்கி ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. இடையிலேயே, சுமார் ஐம்பது மீட்டர் தள்ளி இன்னொரு இடமும் இடிந்தது. சாலை அடைக்கப்பட்டது. சேலைக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள் புதுப் பட்டு உடுத்தி நின்றன. நாணய மாற்றுக் கடைகளின் பலகையில் அன்றைய விலை ஒளிர்ந்தது. வாங்க வருவோர் இல்லை.

ஓர் உயிர் போன இடத்தில் வியாபார நட்டத்தைப் பேசுவது கூசத்தான் செய்கிறது. ஆனால் தெரு வெறிச்சோடிய அந்த வாரங்கள் அங்குள்ள சிறு கடைக்காரர்களுக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டின. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கிளை வைத்திருக்கும் நிறுவனம் ஒரு தெருவின் நட்டத்தை மற்ற தெருக்களின் விற்பனையால் தாங்கிக்கொள்ளும். ஒரே கடை வைத்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது. வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், சம்பள நாளும் வந்துவிடும். இன்னும் எத்தனை காலம் தனியாக நிற்பது என்ற கேள்வி இந்தத் தெருவுக்குப் புதிதல்ல. அந்தக் குழி அதை ஒத்திப்போட முடியாததாக ஆக்கியது.

கேள்விக்கு இரண்டு விடைகள் சொல்லப்படுவது வழக்கம். கடன் வாங்கியாவது கடையை வளர்க்க வேண்டும் என்பது ஒன்று. பெரிய போட்டிக் கடை அழைக்கும்போது, மானேஜராகவோ பங்குதாரராகவோ முகவராகவோ, போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது என்பது மற்றொன்று. இரண்டுமே மாத வருமானத்தை வைத்துத்தான் பேசப்படுகின்றன. அந்த அளவுகோலே தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். போட்டியாளர் நம்மிடம் உண்மையில் எதை வாங்குகிறார், ஒத்துவராமல் போனால் நாம் எந்த வாசல் வழியாக வெளியே வரலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எடுக்கும் முடிவு, வளரும் முடிவானாலும் சேரும் முடிவானாலும், சூதாட்டமே.

மைடின் காட்டும் பாதையும் காட்டாத பாதையும்

வளர்வதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் இந்தத் தெருவில் எல்லோரும் சொல்லும் பெயர் மைடின். 1957-ல் கோத்தா பாருவில் மைடின் முகமது தொடங்கிய சிறிய கடை அது. 1979-ல் குவாலா திரங்கானுவுக்கு வந்தது. 1989-ல் மஸ்ஜித் இந்தியா சாலையில் மொத்த விற்பனைக் கடையாகத் தலைநகருக்குள் நுழைந்தது. பிறகுதான் நாடறிந்த பேரங்காடி நிறுவனமானது. இன்றும் குடும்பத்தின் கையில் இருக்கிறது. இந்திய முஸ்லிம் வணிகக் குடும்பம் ஒன்று தன் பெயரைத் தானே பெரிதாக்கிக் காட்டியது என்பதில் பெருமைப்பட நியாயம் உண்டு.

ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். முதல் கடைக்கும் அடுத்த ஊருக்கும் இடையே 22 ஆண்டுகள். அடுத்த ஊரிலிருந்து தலைநகருக்கு இன்னும் பத்து. முப்பது ஆண்டுப் பொறுமையும், தந்தை விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளும் அந்த வளர்ச்சிக்குள் அடங்கியிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதில், பிள்ளைகள் மென்பொருள் வேலைக்கோ மருத்துவத்துக்கோ போய்விட்ட நிலையில், இரண்டாவது கடை திறக்கக் கடன் வாங்குபவர் மைடினைப் பின்பற்றவில்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு காலத்தை விட்டுவிடுகிறார். இன்னொன்றும் உண்டு. அதே காலத்தில் அதே தெருவில் தொடங்கி வளராமல் மறைந்த கடைகளின் பெயர்கள் நமக்குத் தெரியாது. நிலைத்தவர்களை மட்டும் எண்ணி எடுக்கும் முடிவு பாதிக் கணக்கிலேயே நிற்கிறது.

முப்பது ஆண்டு நிலைத்தாலும் பெயர் குடும்பத்தோடே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. செந்தூலில் 1944-ல் தெங் குடும்பத்தின் மளிகைக் கடையாகத் தொடங்கியது ஜயண்ட். பேரங்காடியாக வளர்ந்த பின் 1999-ல் பெரும்பங்கு ஹாங்காங்கின் டெய்ரி ஃபார்ம் குழுமத்துக்குப் போனது. 2023-ல் அது மறுபடி கைமாறி மேக்ரோவேல்யூ என்ற மலேசிய நிறுவனத்திடம் வந்தது. பெயர்ப் பலகை அதேதான், பின்னால் நிற்கும் கைகள் மூன்றாகிவிட்டன. குடும்பம் நல்ல விலைக்கு விற்றிருந்தால் அதில் தவறு காண எனக்கு விருப்பமில்லை. விற்றதும் வியாபாரத்தின் ஒரு பகுதிதான்.

உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்த்தால்

சிறு கடையின் லாபத்தில் பெரும்பாலும் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் ஒரு ஜவுளிக் கடை, செலவெல்லாம் போக மாதம் 8,000 ரிங்கிட் தருகிறது என்று வையுங்கள். கடையில் முடங்கியிருக்கும் சரக்கு இரண்டு லட்சம் ரிங்கிட். பெரிய கடை ஒன்று கணவருக்கு 5,000 ரிங்கிட் சம்பளம் தர முன்வருகிறது. எட்டாயிரம் எங்கே, ஐயாயிரம் எங்கே என்று அவர் மறுத்துவிடுவார்.

இப்போது விட்டுப்போனதைக் கூட்டுவோம். 5,000 ரிங்கிட் சம்பளத்துக்கு முதலாளி ஊழியர் சேமநிதியில் 13 விழுக்காடு, அதாவது 650 ரிங்கிட் போட்டாக வேண்டும். மனைவி வேறிடத்தில் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டுக்கு வேலை பார்த்தாலும் சேமநிதியோடு 1,921 ஆகிறது. சரக்கை விற்றுவந்த இரண்டு லட்சத்தை ஆண்டுக்கு 3 விழுக்காடு தரும் வைப்பில் போட்டால் மாதம் 500. மொத்தம் 8,071 ரிங்கிட். கடையின் எட்டாயிரத்தை அது தாண்டிவிட்டது. அதோடு இரவு பத்து மணிக் கணக்குப் பார்ப்பதும் நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்னால் தூக்கமில்லாத வாரங்களும் குறைகின்றன.

ஆகவே சேர்ந்துவிடுவதே மேல் என்று இந்தக் கணக்கு சொல்கிறதா? இல்லை. கணவன் மனைவி உழைப்புக்கும் முதலுக்கும் கூலி கொடுத்துவிட்டால் அந்தக் கடை தனியாக எதையும் ஈட்டவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. ஈட்டாத கடையைக் கடன் வாங்கிப் பெரிதாக்கினால் கடனும் வேலையும்தான் பெரிதாகும். உழைப்புக்குக் கூலி போட்ட பிறகும் மாதம் மூவாயிரம் நாலாயிரம் மிஞ்சுகிற கடை வேறு வகை. அதன் பெயருக்கு, இடத்துக்கு, வாடிக்கைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதைச் சம்பளத்துக்காகக் கைவிடுவது கிணற்றை விற்றுத் தண்ணீர் வாங்குவது போலாகும். எந்த அழைப்புக்கும் பதில் சொல்லுமுன் ஒவ்வொரு கடைக்காரரும் இந்த ஒரு கணக்கைப் போட்டாக வேண்டும். நம்மில் பலர் இதை வாழ்நாள் முழுதும் போடுவதே இல்லை. மனைவியின் உழைப்பைக் கணக்கில் எழுதினால் குடும்பத்தைப் பிரித்துப் பார்ப்பதாகிவிடும் என்ற தயக்கம் இருக்கிறது. ஆனால் எழுதப்படாத உழைப்பு பேரத்தின்போது இலவசமாகப் போய்விடுகிறது.

[பெட்டி] தெருவை நெருக்கும் எண்கள்

குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் கடைகளுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல்.

மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டில் ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் விற்பவர்களிடம் தொடங்கி, 2025 ஜூலையில் 5 மில்லியனுக்கு மேல் விற்பவர்களுக்கு வந்தது.

சில்லறை, சேவைத் துறைகளில் ஆண்டு விற்பனை 3 லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழே இருந்தால், அல்லது வேலையாட்கள் ஐவருக்கும் குறைவாக இருந்தால், குறுந்தொழில். நாட்டின் வணிக நிறுவனங்களில் சுமார் 97 விழுக்காடு குறு, சிறு, நடுத்தரத் தொழில்களே.

ஜவுளி, பொற்கொல்லர், முடிதிருத்தும் துறைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் எடுப்பதில் நீண்டகாலம் இருந்த தடையை அரசாங்கம் 2023-ல் தளர்த்தியது. [பெட்டி முடிவு]

நாணய மாற்றுக் கடைகள் முன்பே நடந்த பாதை

இந்தத் தெருவில் 'வளர்வதா, சேர்வதா' என்ற கேள்வியை எல்லோருக்கும் முன்பாக, அதுவும் சட்டத்தின் நெருக்கடியில் எதிர்கொண்டவர்கள் நாணய மாற்று வணிகர்கள். மணி சேஞ்சர் என்றாலே நினைவுக்கு வரும் தொழில் அது. பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள், ஆளுயரக் கண்ணாடி, ஒரு கால்குலேட்டர், தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. 2011 டிசம்பர் 1-ல் பணச் சேவைத் தொழில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை தனி ஆளாகவோ கூட்டாகவோ நடத்திய தொழிலுக்கு நிறுவனப் பதிவும் குறைந்தபட்ச முதலும் கட்டாயமாயின. மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஆய்வுக்கு வரும். 3,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும் மாற்றுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். பதிவேடுகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய பரிமாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

கள்ளப் பணத்தைத் தடுக்க இவை தேவைதான். ஆனால் செலவின் தன்மையைப் பாருங்கள். கண்காணிப்புக்கு ஓர் அலுவலர், ஒரு கணினி அமைப்பு, ஆண்டுத் தணிக்கை என்ற இந்தச் செலவுகள் கடையின் அளவோடு கூடுவதோ குறைவதோ இல்லை. இருபது கிளைக்கும் ஏறக்குறைய அதே அமைப்பு, ஒற்றை முகப்புக்கும் அதே அமைப்பு. இப்படிப்பட்ட செலவு ஒரு தொழிலுக்குள் வந்துவிட்டால் அங்கே சிறியவன் சிறியவனாகவே நீடிப்பது கடினம். இது திறமைக் குறைவல்ல, கணக்கின் இயல்பு. அதிகாரிகளும் தொழில் ஒருங்கிணைவதையே விரும்பினார்கள். பலர் கைகோத்து ஒரே நிறுவனமாவது, முதல் திரட்டி வளர்வது, உரிமத்தை விட்டுவிட்டுப் பெரிய நிறுவனத்தின் முகவராவது என்று வழிகள் பிரிந்தன.

முகவரான கடையின் வெளித்தோற்றம் மாறுவதில்லை. அதே ஆள், அதே கண்ணாடி. ஆனால் பலகையில் உள்ள பெயர் வேறு, விலையை முடிவு செய்வது வேறிடம். முகவர் செய்யும் தவறுக்கும் உரிமம் பெற்ற நிறுவனமே பதில் சொல்ல வேண்டியிருப்பதால் கட்டுப்பாடும் அங்கிருந்தே வரும். இதை இழப்பாக மட்டும் பார்ப்பது சரியல்ல. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி 2022 ஏப்ரல் 1-ல் எல்லைகள் முழுமையாகத் திறக்கும் வரை சுற்றுலாப் பயணி என்ற ஒருவரே தெருவில் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளில், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பண அனுப்புதலையும் சேர்த்துச் செய்த நிறுவனங்களுக்கு இன்னொரு வருமானம் இருந்தது. நோட்டை மட்டும் மாற்றிய தனிக் கடைக்கு எதுவும் இல்லை. ராமசாமி வீரன் நிறுவிய மெர்ச்சன்ட்ரேட் ஏஷியா போன்ற நிறுவனம் பண அனுப்புதல், நாணய மாற்று, மின்பணப்பை என்று விரிந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். உங்கள் தொழிலில் செலவைக் கூட்டுவது எது என்று கண்டுபிடியுங்கள். உரிமம், கண்காணிப்பு, மென்பொருள் போன்ற, அளவைப் பார்க்காத செலவு என்றால் சேர்வதற்கே சாய வேண்டும். கைத்திறன், ருசி, வாடிக்கையாளரின் முகம் அறிதல் ஆகியவைதான் பணத்தைக் கொண்டுவருகின்றன என்றால் சேர்வதால் பெரிதாக மிச்சப்பட எதுவுமில்லை. ரவிக்கை தைப்பவர், மாலை கட்டுபவர், பொற்கொல்லர் எல்லாம் இரண்டாம் வகை. பெரிய கடைக்குள் போன பிறகு அவர்கள் வேகமாகத் தைக்கப் போவதில்லை. கூலி மட்டும் பகிரப்படும்.

அவர் எதை வாங்குகிறார்?

'சூரரைப் போற்று' படத்தைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் குறைவு. 2020-ல் வந்த அந்தப் படத்துக்கு அடிப்படையான கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான், படம் முடிந்த இடத்துக்குப் பிறகு என்ன ஆனது என்பது சிறு வணிகர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம். 2003-ல் பறக்கத் தொடங்கிய அந்த மலிவுக் கட்டண நிறுவனம் நட்டத்தில் தள்ளாடியபோது, 2007-ல் போட்டியாளரான கிங்ஃபிஷரின் யூ.பி. குழுமம் சுமார் 550 கோடி ரூபாய்க்கு 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. உள்நாட்டில் ஐந்து ஆண்டு பறந்த நிறுவனத்துக்கே வெளிநாட்டுச் சேவை என்று அப்போது இந்தியாவில் விதி இருந்தது. 2005-ல் தொடங்கிய கிங்ஃபிஷர் 2010 வரை காத்திருக்க வேண்டும். டெக்கானின் ஐந்து ஆண்டுகள் 2008-லேயே நிறைவடையும். 2008-ல் டெக்கான் என்ற பெயர் மறைந்து கிங்ஃபிஷர் ரெட் ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் கிங்ஃபிஷர் லண்டனுக்குப் பறந்தது. மலிவுச் சேவை 2011-ல் கைவிடப்பட்டது. 2012 அக்டோபரில் மொத்த நிறுவனமும் தரையில் நின்றது.

சாதாரண மனிதனை விமானத்தில் ஏற்றும் கனவு வாங்கியவருக்குத் தேவைப்பட்டதா என்பதை அடுத்து நடந்ததே சொல்கிறது. அவருக்கு உடனடியாகப் பயன்பட்டது டெக்கானின் வயது. மஸ்ஜித் இந்தியாவில் ஒரு பெரிய ஜவுளி நிறுவனம் மூலைக் கடைக்காரரை வந்து சேருங்கள் என்று அழைக்கும்போதும் இதே கேள்வி எழ வேண்டும். அவர் விரும்புவது இந்த மனிதரின் திறமையையா, இன்னும் ஆறு ஆண்டு மீதமிருக்கும் வாடகை ஒப்பந்தத்தையா, காஞ்சிபுரத்திலும் சூரத்திலும் உள்ள கொள்முதல் தொடர்புகளையா, அல்லது போட்டி ஒன்று குறைந்தால் போதும் என்பதையா? திறமை என்றால் நீண்டகாலச் சம்பளமும் லாபப் பங்கும் கேட்கலாம். இடம் என்றால் மொத்தமாக விலை கேட்க வேண்டும், ஏனென்றால் இடம் கைக்கு வந்த மறுநாள் ஆளின் தேவை முடிந்துவிடும். தொடர்புகள் என்றால், ஆறு மாதத்தில் தொலைபேசி எண்கள் அனைத்தும் அவர் கைப்பேசியில் இருக்கும்; அதற்குள் பணம் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

தோற்கிறவரும் நல்ல பேரம் பேசலாம் என்பதற்கும் நமக்கு அருகிலேயே சான்று உண்டு. 2018 மார்ச்சில் ஊபர் தென்கிழக்கு ஆசியாவைவிட்டு வெளியேறியபோது, தன் தொழிலைக் கிராப் நிறுவனத்திடம் ஒப்படைத்து 27.5 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டது. போட்டியில் பின்வாங்கியது, ஆனால் வென்றவரின் வளர்ச்சியில் இடம் பிடித்தது. ஊபரிடம் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்த விலை கிடைத்தது. ஷட்டரை இறக்கிய பிறகு போய்ப் பேசியிருந்தால் அது நடந்திருக்காது. நம் தெருவில் பெரும்பாலான சேர்க்கைகள் கடன் முற்றி, வாடகை மூன்று மாதம் நின்று, உடம்பு முடியாமல் போன பிறகே நடக்கின்றன. அப்போது கிடைப்பது வேலை மட்டும். கடைக்கு விலை கிடைப்பதில்லை.

மூன்று வாசல்கள்

சேர்வது என்ற ஒரே சொல்லுக்குள் சட்டப்படி மூன்று வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன. இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாததால்தான் வாழ்நாள் உழைப்பு ஒரு கையெழுத்தில் போகிறது.

முதலாவது, சம்பளத்துக்குச் சேர்வது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஒருவரின் தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவும் இதே கருத்துடையது. வேலையைவிட்டு விலகிய பின் இரண்டு ஆண்டு இதே தெருவில் கடை வைக்கக் கூடாது என்று வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது பொதுவாக நிற்காது. வழக்கறிஞர் ஒருவர் கோத்தா பாருவைச் சுற்றி ஐந்து மைலுக்குள் தொழில் செய்யக் கூடாது என்று தடுத்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் 1964-லேயே தள்ளியது. வெளியேறும் வாசல் இங்கே அகலமானது. ஆனால் முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலையும் ரகசியங்களையும் எடுத்துப் போனால் வழக்கு வரும். சேரும்போது நீங்கள் கொண்டுவந்த வாடிக்கையாளர்கள் யாருடையவர்கள் என்பதை முதல் நாளே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது அதனால்தான்.

இரண்டாவது, பெயர் உரிமம் எடுத்து அவர்களின் கிளையாக மாறும் ஃபிரான்சைஸ் முறை. இதற்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஒப்பந்தம் குறைந்தது ஐந்து ஆண்டு. கையெழுத்திட்ட பின் மனம் மாற குறைந்தது ஏழு வேலை நாள் அவகாசம் தர வேண்டும். இவை சாதகம். ஆனால் ஒப்பந்தக் காலத்திலும் அது முடிந்த பின் இரண்டு ஆண்டுகளும் அதே போன்ற தொழிலைச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவும் அதே சட்டம் சொல்கிறது. சேலை விற்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத ஒருவருக்கு இரண்டு ஆண்டு என்பது நீண்ட காலம்.

மூன்றாவது, குட்வில் என்று சொல்லப்படும் நற்பெயரோடு கடையையே விற்பது. 28-வது பிரிவின் விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று விற்றவர் ஒப்புக்கொண்டால் அது செல்லும். அந்த வாசல் நீங்களே ஒப்புக்கொண்ட விலைக்கு அடைபடுகிறது. ஆகவே விலையில் அந்த அடைப்பும் சேர்ந்திருக்க வேண்டும். கண்ணாடி அலமாரிக்கும் மிச்சச் சரக்கிற்கும் மட்டும் விலை வாங்கிக்கொண்டு, கூடவே தடையையும் ஏற்றுக்கொள்பவர் தன் எதிர்காலத்தை இலவசமாகக் கொடுக்கிறார்.

[பெட்டி] சம்பளத்துக்குச் சேரும் முதலாளி கவனிக்க

மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டினால், ஆட்குறைப்பின்போது சட்டம் தரும் குறைந்தபட்ச இழப்பீடு தானாகக் கிடைக்காது. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற அந்த விதி 4,000 வரை உள்ளவர்களுக்கே. அதற்கு மேல் வாங்குபவர் இழப்பீட்டை ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

சொந்தக் கடையிலேயே இருப்பவர் ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் தாமாகப் போடலாம். 2025 முதல் போடும் தொகையில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் சேர்க்கிறது. [பெட்டி முடிவு]

மறுப்புகளுக்குப் பதில்

பெரிய நிறுவனத்தில் பாதுகாப்பு உண்டே என்பார்கள். அளவு பாதுகாப்பு ஆகாது. ராபின்சன்ஸ் பேரங்காடி 2020 அக்டோபரில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மூடப்போவதாக அறிவித்தது. டெஸ்கோ அதே ஆண்டு தன் மலேசியக் கடைகளைத் தாய்லாந்தின் சி.பி. குழுமத்துக்கு விற்றுவிட்டுப் போனது. இன்று அவை லோட்டஸ். பெரிய கடை வீழும்போதும் கைமாறும்போதும் உள்ளே சேர்ந்த முன்னாள் முதலாளி அவர்களின் பட்டியலில் ஓர் ஊழியர் எண் மட்டுமே. உண்மையான பாதுகாப்பு, எழுத்தில் உள்ள இழப்பீட்டு விதியும் வெளியே வந்து மறுபடி தொடங்கும் உரிமையும்தான்.

அப்பா கட்டிய பெயரை எப்படிக் கொடுப்பது என்பது அடுத்த மறுப்பு. இதை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தத் தெருவின் பல பெயர்ப் பலகைகள் மூன்று தலைமுறை நம்பிக்கையைச் சுமக்கின்றன. கடன் சொல்லி வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து கொடுத்த பெயர்கள் அவை. அதனாலேயே அதற்கு விலை உண்டு. பெயரைக் காப்பது என்றால் அதை நட்டத்தில் ஓட்டி ஒரு நாள் ஏலத்தில் இழப்பதல்ல. சேர்க்கை ஒப்பந்தத்தில் பெயர் எத்தனை ஆண்டு பலகையில் இருக்கும், எந்தத் தரத்தில் பயன்படுத்தலாம், கைவிட்டால் குடும்பத்துக்குத் திரும்புமா என்று எழுதலாம். அழும் மனத்தோடு உட்கார்ந்தால் இதையெல்லாம் கேட்கத் தோன்றாது. நிதானமாக இருக்கும்போதே கேட்க வேண்டும்.

இப்போது எல்லாம் ஷோப்பியிலும் டிக்டாக்கிலும் விற்கலாமே, பிறகு எதற்கு இந்தத் தேர்வு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இணையச் சந்தையில் விற்பதும் ஒரு பெரிய கடையோடு சேர்வதுதான். கட்டணத்தை அவர்கள் மாற்றலாம், உங்கள் சரக்கு எத்தனையாவது பக்கத்தில் தெரியும் என்பதும் அவர்கள் கையில். வாங்கியவரின் தொலைபேசி எண்ணும் முகவரியும் அவர்களிடமே தங்குகின்றன. கூடுதல் வருமானமாக அது நல்லது. முழுக் கடையையும் அங்கே மாற்றுவது முகவராவதற்குச் சமம்.

கடன் தருகிறார்களே, வளர என்ன தடை என்றும் கேட்கலாம். 2024-ல் இந்திய வணிகர்களுக்கென வழிகள் கூடியது உண்மை. அரசின் சிறுகடன் அமைப்பான தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டத்தோடு ஒரு லட்சம் ரிங்கிட் வரை தரும் 'ஸ்பூமி கோஸ் பிக்' வந்தது. இந்தியப் பெண்களுக்கென அமானா இக்தியார் வழி 'பெண்' திட்டமும், பேங்க் ராக்யாட்டின் பிரீஃப்-ஐ திட்டமும் தலா 50 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கீட்டோடு தொடங்கின. மேலே சொன்ன கூலிக் கணக்கில் மிச்சம் வரும் கடைகள் இவற்றை அவசியம் பயன்படுத்த வேண்டும். மிச்சம் வராத கடைக்குக் கடன் மருந்தாகாது.

லெபோ அம்பாங் அறிந்த வழி

சற்று நடந்தால் லெபோ அம்பாங். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கிகளில் வட்டிக்கடை நடத்திய தெரு. முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார். ஏஜெண்டு மூன்றாண்டுத் தவணைக்கு மலாயா வந்து தொழிலை நடத்துவார். இளம் வயதில் உதவியாளரான அடுத்தாளாக வந்து, படிப்படியாக ஏஜெண்டாகி, சம்பளத்தோடு லாபத்தில் பங்கும் பெற்று, சேர்த்ததை முதலாக்கித் தன் பெயரில் கடை தொடங்கியவர்கள் பலர். அங்கே பிறரிடம் சேர்வது தோல்வியாகக் கருதப்படவில்லை. தவணை தெரியும், பங்கு தெரியும், முடிந்த பின் எங்கே போகலாம் என்பதும் தெரியும். அந்த மூன்றும் இல்லாமல் சேர்வதுதான் இன்றைய ஆபத்து.

என் முடிவு இது. உழைப்புக்குக் கூலி போட்டும் மிச்சம் தரும், கைத்திறனிலும் முகம் அறிந்த வாடிக்கையிலும் நிற்கும் கடை தனியாகவே இருக்கட்டும். இன்னொரு கிளை திறக்காமலேயே நன்றாக வாழலாம். உரிமமும் கண்காணிப்பும் செலவை ஏற்றும் தொழிலில் இருப்பவர், அல்லது அடுத்த தலைமுறை கடைக்கு வராது என்று உறுதியாகத் தெரிந்தவர், சேரட்டும். ஆனால் கடை நன்றாக ஓடும்போதே, விலையோடும் தவணையோடும் சேர வேண்டும். ஐம்பது வயதில் பேசத் தொடங்கினால் அறுபதில் நல்ல ஒப்பந்தம் கிடைக்கும்.

தனித்தனியாக இதைச் செய்வது கடினம். வழக்கறிஞருக்கும் கணக்காய்வாளருக்கும் கொடுக்க எல்லோரிடமும் பணம் இல்லை. கோலாலம்பூர் சிலாங்கூர் இந்திய வர்த்தகத் தொழிலியல் சங்கமும், ஜவுளி, நகை, நாணய மாற்றுத் தொழில் அமைப்புகளும் தமிழிலும் மலாயிலும் ஒரு மாதிரிச் சேர்க்கை ஒப்பந்தத்தை எழுதி வெளியிட வேண்டும். கடையின் மதிப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் ஒரு நாள் முகாமை மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது நடத்த வேண்டும். அது வரும்வரை கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அழைப்பு வந்த அன்றே சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி மக்களோடு உட்கார்ந்து படியுங்கள். புரியாத வரியைச் சிவப்பில் கோடிட்டு, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.